பொன்செல்விக்குப் பதில் எழுது

மேலகரம், தென்காசி
20.7.2025, ஞாயிறு

அன்பு மகன் குற்றாலீஸ்வரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மருமகள் அனுசியாவும் பேத்தி குழலியும் மூன்று வேளை சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டு இருந்துவருகிறோம். அதற்குப் பெயர்தான் சுகம் என்றால் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும், மூன்று வருஷமாக நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பதற்கு முன் பிரித்துப் படிக்கப்போகும் சிறை அலுவலர் ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, நானும் முப்பத்திரண்டு வருஷம் காக்கிச் சட்டை போட்டு ஏட்டாக ஓய்வு பெற்றவன்தான். இதில் மறைத்து எழுதியது ஒன்றும் கிடையாது, எந்த வரியையும் அடிக்காமல் முழுவதும் அவன் கைக்குப் போகவிடுங்கள். படிக்காமல் அவன் கிழித்துப் போட்டால் அது அவன் பாடு.

போன மாதம் பத்தாம் தேதி உன்னைப் பார்க்கக் கடலூர் வந்திருந்தேன். இதோடு நாலு தடவை. பொதிகை ரயிலில் ஏறி விழுப்புரத்தில் இறங்கி பஸ் பிடித்து, எட்டு மணிக்கெல்லாம் ஜெயில் வாசலில் மனு எழுதி ஆதார் ஜெராக்ஸோடு கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். கைதிக்கு என்ன உறவு என்று கேட்டிருக்கும் இடத்தில் தகப்பனார் என்று எழுதும்போது நாலு தடவையும் என் பேனா கொஞ்ச நேரம் நின்றது, அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். பதினோரு மணிக்கு மேல் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு போனேன். வார்டர் சின்னப் பிள்ளை, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே, அவருக்கு உங்களப் பாக்க இஷ்டமில்லையாம் ஐயா, சம்சாரம் வந்தா மட்டும் கூப்பிடுங்கன்னுட்டாரு என்றான். சரி தம்பி என்று திரும்பிவிட்டேன். நான் வேலை பார்த்த காலத்தில் எத்தனை தகப்பன்மாரை இப்படி ஸ்டேஷன் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன், ஒருத்தர் முகம்கூட இன்றைக்கு ஞாபகம் இல்லை. அந்த வார்டருக்கும் என் முகம் ஞாபகம் இருக்காது. உனக்கு வாங்கிவந்த ஆரஞ்சையும் பிஸ்கட்டையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பண்ருட்டிக்காரப் பெண்ணின் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். புருஷனைப் பார்க்க வந்தவள். அடுத்த வாட்டி வருவாரு ஐயா, கோவம் எத்தினி நாளைக்கு என்றாள். மூன்று வருஷம் ஆச்சும்மா என்றேன்.

நீ பாளையங்கோட்டையில் இருந்தவரைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுவேன். அங்கேயும் நீ என்னைப் பார்க்கவில்லை, ஆனால் அனுசியா மாதம் தவறாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கடலூருக்கு மாற்றச் சொல்லி நீயேதான் எழுதிக் கொடுத்தாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. எல்லாவனும் சொந்த ஊர்ப்பக்கம் போடச் சொல்லிக் கெஞ்சுவான், ஒங்க மவன் ஒருத்தன்தான் தூரமாப் போடுங்கன்னு கேட்டிருக்கான் ஏட்டையா என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் சொன்னார். என்னைத் தண்டிக்க நினைத்தாய், சரி. அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் எதற்காகத் தண்டித்தாய். ஒரு நாள் லீவு கேட்டாலே முகம் சுளிக்கிற லாட்ஜில் வேலை பார்க்கிறாள் அனுசியா. ஐந்தருவிப் பக்கம் இப்போது சீசன், நாலு நாளாகச் சாரல் நிற்கவில்லை, அருவியில் வெள்ளம் என்று குளிக்க விடவில்லை, வந்த கூட்டமெல்லாம் ரூமிலேயே அடைந்துகிடக்கிறது. காலையில் ஆறரைக்குப் போனால் பொழுது அடைந்துதான் வருகிறாள், விரலெல்லாம் ஊறிப்போய் வருகிறாள். வீரகேரளம்புதூரிலிருந்து அவள் அண்ணன்மார் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டார்கள். வரல என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டாள். ஏன் போகவில்லை என்று நானும் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

குழலி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். போன வாரம் அவள் டீச்சர் அனுசியாவிடம், ஒங்க வீட்டுக்காரரு ஜெயில்ல வார்டராமே, எந்த ஊருல இருக்காரு என்று விசாரித்திருக்கிறார். தாத்தா போலீஸ், அதனால் அப்பாவும் போலீஸ், ஜெயிலில் இருக்கிற கள்ளன்மாரைக் காவல் காக்கிறார் என்று பிள்ளை தானாக ஒரு கதை கட்டி வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறது. அனுசியா ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் சிரித்துவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதாள். அந்தக் கதை இன்னும் ஒரு வருஷம் நிற்குமா, இரண்டு வருஷம் நிற்குமா. எவளாவது ஒரு பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லுவதற்கு முன்னால் நீ சொல்ல வேண்டும். உன் பிள்ளைக்கு உன்னைப் பற்றி நான் சொல்லமாட்டேன், எப்படிச் சொன்னாலும் அது போலீஸ்காரன் சொல்வதாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை சனிக்கிழமை நீ அனுசியாவுக்குப் போன் பேசுவது எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஒரு தடவை அவள் என்னிடம் போனைக் கொடுத்தாள், ஈஸ்வரா என்று நான் வாயைத் திறந்ததும் நீ வைத்துவிட்டாய். உனக்கு அவர்கள் தருவது கொஞ்ச நிமிஷம், அதில் என்னால் ஒரு நிமிஷம் வீணாகக் கூடாது என்று அன்றையிலிருந்து போன் அடித்ததும் நான் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறேன். எதிர்வீட்டு ஆசிப் அவன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டு, என்ன ஏட்டையா காத்து வாங்குதியளா என்பான். ஆமாம் என்பேன். உள்ளே உன் அம்மா உன்னிடம் சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று கத்துவது தெருவரைக்கும் கேட்கும். உன் அம்மா என்னோடும் பேசுவதில்லை, அது உனக்குத் தெரிந்திருக்கும். பிள்ளை எதிரில் மட்டும் சோறு வேணுமா என்று கேட்பாள். நீ போன நாளில் ஆரம்பித்தது.

அந்த நாளைப் பற்றி நீ ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன். இலத்தூர்க் குளத்தங்கரை ரோட்டில் டிப்பர் லாரிகள் போகக்கூடாது, கரை உடைகிறது என்று மோட்டார் கடை பெலிக்ஸும் ஊர்க்காரர்களும் மறித்துக்கொண்டிருந்தது ஊரறிந்த விஷயம். உன் லாரி அவன் மேல் ஏறி இறங்கிய செய்தி எனக்கு வந்தபோது நான் மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்ததும் அதே பெலிக்ஸ்தான். கடையில் உட்காரச் சொல்லி, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, இனிமே பத்து வருசம் இதத் தொடவேண்டாம் ஏட்டையா என்று சொன்னவன். மோட்டார் இன்றைக்கும் ஓடுகிறது. மூன்றாம் நாள் காலையில் உன்னை அனுசியாவின் மாமா தோப்பில், பம்புசெட் ரூமில் கண்டுபிடித்தேன். கூனிக்குறுகிச் சாக்கு மேல் உட்கார்ந்திருந்தாய். நிப்பாட்டாத, பயந்து வெலகிருவானுவன்னு மொதலாளி போன்ல சொன்னாருப்பா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். அந்த முதலாளியிடம் உனக்கு வேலை கேட்டு வாங்கிக் கொடுத்தவனும் நான்தான், சர்வீஸ் முடிகிற வருஷம் அவர் ஆபீசில் போய் நின்று வாங்கினேன். உனக்கு மாற்றுச்சட்டை கொடுத்தேன். செங்கோட்டை போய் அங்கிருந்து புனலூரில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவருகிறேன் என்றேன். நீ நம்பி பஸ் ஏறினாய். தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்பா, இது செங்கோட்டை பஸ் நிக்குத எடம் இல்லயே என்றாய். வா லே என்றேன். அந்த இரண்டு எழுத்தைத் தவிர வேறு ஒன்றும் சொல்லாமல் உன்னை ஸ்டேஷன் படி ஏற்றினேன்.

நீ மறைந்திருந்து, அவர்கள் தேடிப் பிடித்தால் உன் உடம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கூட்டிப்போனேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் அது மட்டும்தான் என்று எழுதினால் பொய். அன்றைக்கு அங்கே இருந்த அதிகாரி எழுந்து வந்து என் கையைப் பிடித்து, ஒங்கள மாதிரி ஒருத்தர நான் பாத்ததில்ல ஏட்டையா என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ பார்த்ததை நானும் பார்த்தேன். உன்னை ஒப்படைத்ததற்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன், இன்றைக்கும் அதையேதான் செய்வேன். அந்த ஒரு நிமிஷம் நிமிர்ந்ததற்கு நீ என்னைப் பார்க்கமாட்டேன் என்றால் அது உன் நியாயம். பொய் சொல்லிக் கூட்டிப்போனதும் தப்பு. ஸ்டேஷனுக்குத்தான் போகிறோம் என்று பஸ்ஸிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லியிருந்தால் நீ வந்திருப்பாயோ என்னவோ. உனக்கு அந்த வாய்ப்பை நான் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் முதலாளி வைத்த வக்கீல் சொல்லச் சொன்னதைச் சொன்னாய், சொல்லவேண்டாம் என்றதை விட்டுவிட்டாய். போன் வந்ததை நான் எழுதிக் கொடுத்தேன், மகன் வாயால் வரணும் ஏட்டையா என்றார்கள். உன் வாய் திறக்கவே இல்லை. கொலை என்றும் ஆகாமல் விபத்து என்றும் ஆகாமல் ஏழு வருஷம் உன் தலையில் மட்டும் விழுந்தது. தீர்ப்பு வந்த வாரம் முதலாளி நம் வீட்டுக்கு வந்து, ஈஸ்வரன் எனக்குத் தம்பி மாதிரி என்று உன் அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு இந்தத் தெருப்பக்கம் வரவில்லை. அவர் லாரிகள் அதே குளத்தங்கரையில்தான் ஓடுகின்றன, உன் சீட்டில் வேறொருத்தன் உட்கார்ந்திருக்கிறான். போன மாதம் தென்காசியில் என்னைப் பார்த்தார், கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். அவருக்காகத்தான் நீ ஊமையாக இருக்கிறாய். சிறையிலேயே சட்ட உதவி வக்கீல் வருவார், அப்பீல் விஷயமாக அவரிடம் பேசு. பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம், மூன்று வருஷமாக அனுசியாவிடம் சொல்லியனுப்பி எனக்கு அலுத்துவிட்டது.

இந்தக் கடிதம் அதற்காக எழுதியதில்லை. போன புதன்கிழமை உன் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கத் தென்காசி பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஏட்டையா என்று ஒரு குரல். பொன்செல்வி, பெலிக்ஸ் பெஞ்சாதி. கோர்ட்டில் பார்த்ததற்குப் பிறகு இப்போதுதான் அவளைப் பார்க்கிறேன், பாதியாக இளைத்திருந்தாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன், ஏசினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று ஒதுங்கி வந்து நின்றேன். உன் அம்மாவும் கூட வந்து நின்றாள். பொன்செல்வி ஏசவில்லை. மாத்திரைச் சீட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, ஒங்க மவன் லாரிய விட்டு எறங்கி எங்க வீட்டுக்காரவிய கிட்ட உக்காந்தாருன்னு அந்த ஆட்டுக்காரத் தாத்தா கோர்ட்டுல சொன்னாவள்லா ஏட்டையா, கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் பொறவுதான் ஓடுனாருன்னு சொன்னாவள்லா, அதப் பத்தி ஒண்ணு கேக்கணும் என்றாள். கேளும்மா என்றேன். மத்த ஆளுக ஓடி வாரதுக்குள்ள அவியளுக்குப் பேச்சு நின்னுபோச்சு, நான் போவும்போது கண்ணு மட்டும் தொறந்திருந்துச்சு, அதுக்கு முன்னால ஒங்க மவன்கிட்ட ஏதாச்சும் சொன்னாவளா, தண்ணி கேட்டாவளா, எம்பேரச் சொன்னாவளா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க, மன்னிப்பு கின்னிப்புன்னு ஒண்ணும் எழுதச் சொல்லாதிய, அது எனக்கு வேண்டாம் என்றாள். மூணு வருசமா ராப்பகலா இது ஒண்ணுதான் மண்டைக்குள்ள கெடந்து அரிக்குது என்றாள். அழவில்லை. வரிசையில் அவள் இடம் போய்விடும் என்று திரும்பிப் போய் நின்றுகொண்டாள்.

என் மகன் என்னோடு பேசுவதில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது உன் அம்மா மூன்று வருஷத்துக்குப் பிறகு எனக்கு நேராகத் திரும்பி ஒரு வார்த்தை கேட்டாள். அவள் கோர்ட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை, உனக்குத் தெரியும். பயத்தில் லாரியை நிறுத்தாமல் நீ ஓடிவிட்டாய் என்றுதான் இதுவரைக்கும் நினைத்திருக்கிறாள். நானும் திருத்தவில்லை. எறங்கிப் பாத்துட்டுத்தானா ஓடுனான் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பக்கத்துல உக்காந்துட்டுத்தானா என்றாள். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பொன்செல்விப் பிள்ளைக்குப் பதில் சொல்லச் சொல்லி எழுதும் என்றாள். நான் இப்போது எழுதுவது அதைத்தான்.

ஈஸ்வரா, எனக்கு நீ எழுதவேண்டாம். என்னைப் பார்க்க இன்டர்வியூவுக்கு வரவேண்டாம். அடுத்து நான் வந்து மனுப் போட்டாலும் நீ இஷ்டமில்லை என்றே சொல், நான் வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். ஆனால் பொன்செல்விக்கு எழுது. பெலிக்ஸ் அவள் பெயரைச் சொன்னான் என்றால் சொன்னான் என்று எழுது. உன்னை ஏசினான் என்றால் என்ன ஏசினான் என்று எழுது. தண்ணீர் கேட்டு நீ கொடுக்காமல் ஓடினாய் என்றால் அதையும் எழுது, உனக்கு அதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கு அதைப் படிப்பது அதைவிடக் கஷ்டம். ஒன்றுமே பேசவில்லை என்றால் ஒன்றுமே பேசவில்லை என்று ஒரு வரி எழுது. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நீயாக எதையும் சேர்க்காதே. அந்த மனுஷன் கடைசியாகப் பார்த்த முகம் உன்னுடையது, அவன் என்ன சொன்னான் என்பதற்குச் சாட்சி உன்னைத் தவிர இந்த உலகத்தில் யாரும் இல்லை. முதலாளிக்கு நீ காட்டுகிற விசுவாசத்துக்கும் இந்தப் பதிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எந்த வக்கீலும் இதைச் சொல்லவேண்டாம் என்று உன்னைத் தடுக்கவில்லை. நீயாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் விலாசம்: பொன்செல்வி, கேர் ஆப் பெலிக்ஸ் மோட்டார் ரிவைண்டிங், குளத்தங்கரை ரோடு, இலத்தூர். கடையை அவள் மூடவில்லை, பெயரையும் மாற்றவில்லை, ஒரு ஆளை வைத்து நடத்துகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கடலூர் வெயில் நம் ஊர் மாதிரி இல்லை, தண்ணீர் நிறையக் குடி. யாரோடும் பேச்சு வளர்க்காதே, எவன் தூண்டினாலும் கையை நீட்டாதே, ஒரு சின்னக் குற்றம் சேர்ந்தாலும் உன் பரோல் போய்விடும். தையல் பிரிவில் சேர்ந்திருக்கிறாய் என்று அனுசியா சொன்னாள், நல்லது, விடாதே. கண்ணாடி பவர் மாறியிருந்தால் அங்கேயே டாக்டரிடம் எழுதிக் கொடு.

நேற்று போனில் அம்மா எங்கே என்று நீ கேட்டாயாம். காசிவிசுவநாதர் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று அனுசியா சொன்னாளாம். கோயிலுக்குப் போகவில்லை. போன் அடித்ததும் கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்து, தூறலில் என் பக்கத்தில் நின்றாள். நீ பேசி முடிக்கும்வரைக்கும் நின்றாள். உள்ளே போம்மா, பிள்ளை காத்துக்கிட்டிருப்பான் என்று சொன்னேன். அவன் மொதல்ல அவளுக்குச் சொல்லட்டும், பொறவு எங்கிட்டப் பேசட்டும் என்றாள்.

தாயார் மனம் அப்படி இருக்கிறது. அவளும் நானும் உன்னைச் சபிக்கவில்லை, ஒருநாளும் சபிக்கமாட்டோம். குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மனும் உனக்குத் துணை இருக்கட்டும், உன் கைக்கு எழுதுகிற தைரியத்தைக் கொடுக்கட்டும். இதோடு இரண்டு இன்லாண்ட் லெட்டர் வைத்திருக்கிறேன், இரண்டிலும் இலத்தூர் விலாசம்தான் எழுதியிருக்கிறேன். ஒன்றில் எழுதிப் பிழையாகிப்போனால் இன்னொன்றில் எழுது.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
இசக்கியப்பன்